மட்டாஞ்சேரியில் அமுக்கரா விற்கிறேன்

அங்காடி மருந்துக் கடையில், அதாவது நாட்டு மருந்துக் கடையில், வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடம், வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் சிரிப்பை வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது. கல்லாவிலோ கவுண்டரிலோ எங்கேயாவது நின்று பொதுமக்களைச் சந்தித்துப் பிழைக்கும் சகோதர சகோதரிகளே, இது எவ்வளவு கஷ்டமான பாடம் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு இன்னும் முழுசாக வரவில்லை.

நான் ரேவதி. பிறந்தது வளர்ந்தது எல்லாம் கொச்சியில்தான். வீட்டில் பேசுவது தமிழ், பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். பார்மசி டிப்ளமா முடித்து எட்டு வருஷம் தோப்பும்படியில் ஒரு இங்கிலீஷ் மருந்துக் கடையில் நின்றேன். பிறகு ஏழு வருஷமாக மட்டாஞ்சேரி பஜாரில், வேரும் பட்டையும் சூரணமும் விற்கும் இந்தக் கடையில் நிற்கிறேன். முதலாளி ஷேணாய், கொங்கணிக்காரர். கடையில் இன்னொரு ஆள் லத்தீஃப் இக்கா; இக்கா என்றால் இங்கே முஸ்லிம் வீடுகளில் அண்ணன். முப்பது வருஷமாக இங்கே இடிப்பது, சலிப்பது, நிறுப்பது எல்லாம் அவர் கைதான்.

நான் வந்து சேர்ந்தபோது அமுக்கரா என்பது கீழ்வரிசையில் ஒரு சாதாரண டப்பா. வைத்தியர் சீட்டோடு வருகிறவர்கள் கொஞ்சம் வாங்குவார்கள், அவ்வளவுதான். பிறகு எல்லார் போனிலும் அஸ்வகந்தா வந்தது. தூக்கத்துக்கு, பலத்துக்கு, டென்ஷனுக்கு, இன்னும் வெளியே சொல்ல முடியாத காரியங்களுக்கு. டப்பா மேல்வரிசைக்கு ஏறியது, பிறகு டப்பா போய் டின் வந்தது, டின் போய் சாக்கு வந்தது. எங்கள் பகுதியில் அமுக்குரம் என்று கேட்பார்கள். பெயர் எதுவானாலும் வேர் ஒன்றுதான். இங்கே பெரும்பாலானவர்கள் பேசியது மலையாளம். என் காதில் எப்படி விழுந்ததோ அப்படியே தமிழில் தருகிறேன்.

குதிரை எங்கே?

ஹம்சா இக்காவை எல்லாரும் கூப்பிடுவது ஹம்சக்கா என்று; கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை வாடகைக்கு விடுகிறவர். ஒரு நாள் காலையில் கடை திறந்ததுமே வந்து, முட்டிவலிக்கு அமுக்குரம் வேண்டும் என்றார். லத்தீஃப் இக்கா ஒரு துண்டு வேரை எடுத்துக் காட்டினார். ஹம்சக்கா அதை மூக்கில் வைத்து இழுத்தார். மறுபடியும் இழுத்தார். பிறகு சந்தேகமாக எங்களைப் பார்த்தார். "அஸ்வகந்தான்னா குதிரை வாசனைன்னு மகன் போன்ல படிச்சுக் காட்டினான். இதுல குதிரையே இல்லையே?"

பச்சை வேரில்தான் அந்த வாசனை தெரியும், காய்ந்தால் குறைந்துவிடும் என்று நான் விளக்கினேன். அவர் நம்பவில்லை. வேறு சரக்கு காட்டு என்றார். லத்தீஃப் இக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. கிடங்கில் இருந்த நான்கு வேறு வேறு சாக்குகளிலிருந்து வேர் கொண்டுவந்து வரிசையாக வைத்தார். ஹம்சக்கா கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக முகர்ந்தார். அவர் பின்னால் வரிசையில் நின்ற இரண்டு பேரும் ஆர்வம் தாங்காமல் ஆளுக்கொரு துண்டை எடுத்து முகர்ந்தார்கள். கடைசியில் இக்காவையும் சேர்த்து நால்வரும் மூக்கைச் சுருக்கிக்கொண்டு நிற்க, ஹம்சக்கா தீர்ப்புச் சொன்னார்: "மோளே, பதினெட்டு வருஷமா குதிரையோட நிக்கிற ஆளு நான். இது குதிரையும் இல்ல, கழுதையும் இல்ல. மழையில நனைஞ்ச ஆடு!"

மூன்று நாள் பயில்வான்

பக்கத்துத் தெரு ஜிம்முக்குப் போகும் சஜி திங்கட்கிழமை சூரணம் வாங்கினான். வாங்கின கையோடு, பொட்டலம் கட்டும் சணல் நூலில் ஒரு முழம் கேட்டு, அதைத் தன் புஜத்தைச் சுற்றிப் பிடித்து, முனை வந்த இடத்தில் ஒரு முடிச்சும் போட்டு பத்திரமாக பர்ஸில் வைத்துக்கொண்டான். வியாழக்கிழமை மத்தியானம் திரும்பி வந்து சட்டைக் கையை மடித்து நின்றான். "அளங்க சேச்சி."

அளந்தேன். முடிச்சு முனைக்கு வந்து சேர்ந்து, அதற்கு மேலும் கொஞ்சம் நூல் மிச்சம் இருந்தது. அதாவது, கணக்குப்படி புஜம் இளைத்திருந்தது. சில சின்ன ஆராய்ச்சிகளில், ஒழுங்காக உடற்பயிற்சி செய்தவர்களுக்கு இந்த வேரும் கொடுத்தபோது கொஞ்சம் பலம் கூடியதாகச் சொல்கிறார்கள், அதுவும் பல வாரங்களுக்குப் பிறகு. பயிற்சியை விட்டுவிட்டு வேரை மட்டும் தின்றால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை என்றேன். திங்கட்கிழமைக்குப் பிறகு ஜிம்முக்குப் போனாயா என்றும் கேட்டேன். அவன் நூலை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மருந்துலயும் தப்பு இல்ல, என் மேலயும் தப்பு இல்ல சேச்சி. இது மழைக்காலம், சணல் ஊறி நீண்டிருக்கு."

மூன்று வழியில் நிம்மதி

காக்கநாட்டு ஐ.டி. கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் பையன் ஒருவன் சனிக்கிழமைகளில் வருவான். பெயர் அருண். பொடி மட்டும்தான் எங்களிடம் வாங்குவான். ஒரு நாள் பேச்சுவாக்கில், ஆன்லைனில் வாங்கிய மாத்திரை காலையில், எங்கள் பொடி பாலில் மத்தியானம், ஜெல்லி மிட்டாய் மாதிரி ஒன்று சாயங்காலம் என்று சாப்பிடுவதாகச் சொன்னான். மூன்றும் ஒரே வேர்தானே தம்பி என்றேன். திடுக்கிட்டுப் போனான். பொடி உடம்புக்கு, மாத்திரை மூளைக்கு, மிட்டாய் மனசுக்கு என்று அவனாகவே பிரித்து வைத்திருந்தான். வயிறு ஒரு மாதமாகப் போய்க்கொண்டே இருப்பதற்கும் ஆபீஸ் கேன்டீனைத்தான் திட்டிக்கொண்டிருந்தான்.

"அப்ப இதுக்கு ஆதாரமே இல்லையா சேச்சி?" என்று கேட்டான். உள்ளதைச் சொன்னேன். மன அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் கொஞ்சம் உதவுகிறது என்று சில ஆராய்ச்சிகள் சொல்கின்றன. ஆனால் ஒவ்வொன்றிலும் ஆள் குறைவு, நாளும் குறைவு, ஒவ்வொருத்தர் கொடுத்தது ஒவ்வொரு விதமான சரக்கு. வருஷக்கணக்கில் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று சரியாகத் தெரியாது. நம்பிக்கை இருக்கிறது, நிச்சயம் இல்லை. மூன்று வழியிலும் சாப்பிட்டால் மூன்று மடங்கு நிம்மதி என்பதற்கு மட்டும் எங்கேயும் ஆதாரம் இல்லை.  அருண் சொன்னான்: "எங்க ஆபீஸ்ல இவ்வளவு உண்மையா ஒருத்தர் ரிப்போர்ட் குடுத்தா, அன்னைக்கே அவங்களுக்கு டென்ஷன் வர வச்சிருவாங்க."

நின்றபடியே

வல்லார்பாடம் துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் லாரி ஓட்டும் பைஜு சேட்டன், களைப்பு தீர எதாவது குடு என்று வாங்கிப் போனார். அன்று நான் லீவு. முதலாளிதான் கடையில் இருந்தார். "குதிரை பலம் வரும்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். கேட்க வேண்டிய ஒரு கேள்வியையும் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து பைஜு சேட்டன் கோபத்தோடு வந்து நின்றார். டெர்மினல் வாசலில் பட்டப்பகலில் லாரிகள் வரிசையில் நிற்கும்போது, அவர் காகிதத்தைக் காட்ட வண்டியிலிருந்து இறங்கி, ஜன்னல் முன் நின்றபடியே தூங்கிவிட்டாராம். பின்னால் வந்தவர்கள் இவர் ஏதோ ஆழமாக யோசிக்கிறார் என்று மரியாதையாகக் காத்திருந்தார்களாம். நல்லவேளை, வண்டி ஓடவில்லை.  வேறு மாத்திரை எதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். தும்மலுக்கு தினமும் ஒரு அலர்ஜி மாத்திரை என்றார். அதிலேயே தூக்கம் வரும். இந்த வேரும் சில பேருக்குத் தூக்கத்தைக் கூட்டும். இரண்டும் சேர்ந்தால் ஸ்டியரிங் பிடிக்கிற ஆளுக்கு ஆபத்து, வேரை இன்றே நிறுத்துங்கள், மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள் என்றேன். அவர் முதலாளி பக்கம் திரும்பினார். "குதிரை பலம் வரும்னு சொன்னீங்க. குதிரை நின்னுக்கிட்டே தூங்கும்னு ஏன் சொல்லல?"

பக்கத்து வீட்டுப் பரண்

விசாலம் மாமி பாங்கில் ஆபீசராக இருந்து ரிட்டையர் ஆனவர். பாலக்காட்டுக்காரர், கொச்சிக்கு வந்து முப்பது வருஷம் ஆகிறது. மாசத்துக்கு ஒரு தடவை ரசப்பொடி சாமானுக்கு எங்கள் கடைக்கு வருவார். வழக்கமாக மெதுவாக வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, விசிறிக்கொண்டு பேசுகிறவர், ஒரு நாள் காற்று மாதிரி உள்ளே நுழைந்தார். நின்ற இடத்தில் நிற்கவில்லை. பேசிக்கொண்டே எங்கள் மேல்வரிசை டப்பாக்களை உயர வரிசைப்படி அடுக்கிவிட்டார். "ரேவதி, போன மாசம் வாங்கிண்டு போன உன் அமுக்கரா பிரமாதம்டி! நாலு வாரத்துல ஆத்துல எல்லா அலமாரியும் சுத்தம் பண்ணியாச்சு. சமையலுள் ஜன்னலெல்லாம் சோப்புப் போட்டு அலம்பியாச்சு. இப்போ பக்கத்தாத்துப் பரண்ல ஏறியிருக்கேன்."

லத்தீஃப் இக்காவுக்கு ஒரே சந்தோஷம். எனக்குத்தான் சந்தோஷம் வரவில்லை. டப்பாவைப் பிடித்த மாமியின் விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. மின்விசிறிக்குக் கீழே நின்றும் கழுத்தில் வியர்வை. ரவிக்கை தொளதொளவென்று இருந்தது. நெஞ்சு படபடக்கிறதா என்று கேட்டேன். "படபடக்கறது, ஆனா சுறுசுறுப்புன்னா அப்படித்தானே இருக்கும்?" என்றார். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர் என்பது அப்போதுதான் தெரிந்தது. இந்த வேர் சில பேருக்குத் தைராய்டைத் தூண்டிவிடும், அதோடு மாத்திரையும் சேர்ந்தால் அளவு தாண்டிவிடலாம் என்று சொல்லி, ரசப்பொடி சாமானைக் கொடுக்க மாட்டேன், முதலில் டாக்டரிடம் போய் ரத்தம் பாருங்கள் என்று அடம்பிடித்தேன். திட்டிக்கொண்டே போனார். ரத்தத்தில் தைராய்டு எக்கச்சக்கமாக ஏறியிருந்ததாம். டாக்டர் வேரை நிறுத்தி, மாத்திரையின் அளவையும் கொஞ்ச நாள் மாற்றிக் கொடுத்தார்.

அடுத்த தடவை மாமி பழையபடி மெதுவாக வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, விசிறிக்கொண்டார். கை நடுங்கவில்லை. என் கையைப் பிடித்து அழுத்தினார். பிறகு பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "உடம்பு சரியாப் போயிடுத்துடி, ஆனா பக்கத்தாத்துப் பரண் பாதியில நிக்கறது. அவா தினமும் வாசல்ல நின்னுண்டு எப்போ வருவேள்னு கேக்கறா."

யார் குடிக்கிறார்கள்?

இதன்பிறகு நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். அமுக்கரா கேட்டு யார் வந்தாலும் நான்கு கேள்வி. யார் சாப்பிடப் போகிறார்கள்? வேறு என்ன மருந்து? தைராய்டு, ஈரல் கோளாறு உண்டா? கர்ப்பமா, அல்லது பால் கொடுக்கிறீர்களா? முதலாளிக்குப் பிடிக்கவில்லை. நாம் என்ன போலீஸ் ஸ்டேஷனா நடத்துகிறோம் என்று முணுமுணுப்பார்.

ஃபோர்ட் கொச்சிப் பெண் ஷைனி மூன்றாவது தடவையாகப் பொடி வாங்க வந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம். புருஷனுக்குத்தான், "கொஞ்சம் தெம்பா இருக்கட்டும்னு" என்று குனிந்துகொண்டே சொன்னாள். அவர் ஒழுங்காகக் குடிக்கிறாரா என்றேன். களுக்கென்று சிரித்தாள். "அவரு ஒரு வாய் வச்சுட்டுத் துப்பிட்டாரு சேச்சி. அதுக்கப்புறம் டம்ளரையே தொடல. பால் வீணாகுதேன்னு நானே தினமும் குடிச்சிடறேன்." நானும் சிரித்தேன், பாதிச் சிரிப்பில் நான்காவது கேள்வி ஞாபகம் வந்தது. கேட்டேன். அவள் விரல்விட்டு வாரங்களை எண்ண ஆரம்பித்தாள். ஒரு கை முடிந்து மறு கைக்குப் போனாள். முகம் மாறிவிட்டது. எதிர்வரிசை மருந்துக் கடைக்கு நானே அழைத்துப் போய் பரிசோதனை அட்டை வாங்கிக் கொடுத்தேன். இரண்டு கோடு. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். கர்ப்பத்தில் இந்த வேர் ஆகாது என்பார்கள் என்று சொல்லி, அன்றே லேடி டாக்டரிடம் அனுப்பினேன். அந்த எட்டு மாதமும் எனக்கு வேறு நினைப்பே இல்லை. ஒவ்வொரு ஸ்கேனுக்குப் பிறகும் அவள் போன் செய்து எல்லாம் சரி என்று சொன்ன பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கும்.

பெண் குழந்தை. கொழுகொழுவென்று ஒரு குறையும் இல்லாமல். கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். லத்தீஃப் இக்கா சூரணக் கையைத் துடைத்துக்கொண்டு தராசுத் தட்டில் வைத்து நிறுக்கப் பார்த்தார், நான்தான் தடுத்தேன். ஷைனியின் புருஷனை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, என் பக்கம் சாய்ந்து ரகசியமாகச் சொன்னான்: "நான் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கல சேச்சி, ஆனாலும் பலன் கிடைச்சிருச்சு. அதையும் உங்க ஆராய்ச்சிக்காரங்க கிட்ட சொல்லிருங்க."

பச்சை பாட்டில்

டை கட்டிய விற்பனைப் பிரதிநிதி ஒருவர் புதுசாக ஒரு கேப்ஸ்யூல் கொண்டுவந்தார். பத்து மடங்கு வீரியம் என்றார். நான் கேட்டேன்: இது வேரா, இலையா, இரண்டும் கலந்ததா? எந்த அளவுக்குச் சாறு எடுத்தது? ஈயம், பாதரசம் இல்லை என்று லேப் ரிப்போர்ட் இருக்கிறதா? அவர் கைப்பையைத் திறந்து தேடினார். ஒரு பேனா, ஒரு காலண்டர், ஒரு சாவிக்கொத்து எடுத்துக் கொடுத்தார். ரிப்போர்ட் வரவில்லை. லத்தீஃப் இக்கா ஒரு கேப்ஸ்யூலை உடைத்து உள்ளங்கையில் கொட்டி, வெளிச்சத்தில் பார்த்து, "வேர்ப்பொடிக்கு இந்தப் பச்சை எங்கிருந்து வந்துச்சு?" என்றார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் ஷேணாய் முதலாளி, இலவசமாக வந்ததை ஏன் விட வேண்டும் என்று மூன்று சாம்பிள் பாட்டில்களைத் தன் மேஜைக்குள் தள்ளிக்கொண்டார். பிரதிநிதி போகும்போது என்னைப் பார்த்துப் பரிதாபமாகக் கேட்டார்: "மேடம், பாட்டிலே பச்சை கலர்ல இருக்கு, இதைவிட இயற்கையா என்ன வேணும் உங்களுக்கு?"

முதலாளியின் கண்

ஷேணாய் முதலாளி நல்ல மனுஷர். ஆனால் அமுக்கரா விஷயத்தில் பக்தர். காலையும் மாலையும் பாலில் பொடி போட்டுக் குடிப்பார். "வேர்தானே, மண்ணுல விளையறது, ஒண்ணும் செய்யாது" என்பது அவர் வாயில் வருஷக்கணக்காக இருக்கும் வசனம். கடை வாசலில் "பக்கவிளைவு இல்லாதது" என்று மலையாளத்தில் தானே பெயின்ட்டால் எழுதின பலகையும் உண்டு. அந்தப் பச்சை பாட்டில்களையும் பொடியோடு சேர்த்து அவர் தின்றுகொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் மத்தியானம், அவர் வீட்டிலிருந்து வரும் டிபன் கேரியரில் வறுத்த அயிலை மீன் தொடாமல் திரும்பிப் போனது. மறுநாளும் திரும்பிப் போனது. அயிலையை விட்டுக்கொடுக்கும் மனுஷர் இல்லை அவர். முழங்கையைச் சொறிந்துகொண்டே இருந்தார். நான் அவரை வாசல் வெளிச்சத்துக்கு வரச் சொல்லிக் கண்ணைப் பார்த்தேன். மஞ்சள்.

"டியூப்லைட் அப்படித்தான் காட்டும்" என்றார். வாசலில் டியூப்லைட் இல்லை, சூரியன்தான் இருக்கிறது என்றேன். "நேத்து மஞ்சள் சாக்கு இறக்கினோம்ல" என்றார். மஞ்சள் கண்ணுக்குள் இறங்காது என்றேன். கடைசியில் கோபம் வந்து, "நான் முதலாளியா, நீ முதலாளியா?" என்று கத்தினார்.  வேலை போனால் போகட்டும் என்று தோன்றிவிட்டது. கடை ஷட்டரைப் பாதி இறக்கினேன்.  லத்தீஃப் இக்கா முதலாளியை இடுப்போடு அணைத்துத் தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் டாக்டர், என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டபோது முதலாளி மிடுக்காக, "ஒரு மருந்தும் இல்ல" என்றார். கிளம்பும்போது அவர் கடை மேஜைக்குள்ளிருந்து அள்ளிக்கொண்டு வந்த மூன்று காலி பாட்டில்களையும் பொடிப் பொட்டலத்தையும் நான் டாக்டர் மேஜையில் வைத்தேன். டாக்டர் அவற்றைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார், அட்மிட் என்று எழுதினார்.

ஈரல் அளவுகள் தாறுமாறாக இருந்தன. மஞ்சள் காமாலைக் கிருமி எதுவும் இல்லை, கல் இல்லை, குடிப்பழக்கமும் இல்லை. இதுதான் காரணம் என்று நூற்றுக்கு நூறு சொல்ல முடியாது, ஆனால் வேறு காரணம் தெரியவில்லை, இந்த வேர் சாப்பிட்டு ஈரல் பாதித்தவர்களைப் பற்றி டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள், எல்லாவற்றையும் நிறுத்துங்கள் என்றார் டாக்டர். முதலாளியின் மனைவி வராந்தாவில் உட்கார்ந்து கொங்கணியில் அழுதுகொண்டே இருந்தார்; பாஷை புரியாமலே நானும் அழுதேன். முதலாளி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "ரேவதி, எத்தனை பேர்கிட்ட ஒண்ணும் செய்யாதுன்னு சொல்லியிருப்பேன்?" என்று ஒரு தடவை மெதுவாகக் கேட்டார். நான் போர்வையை அவர் தோள்வரை இழுத்துவிட்டேன். ஈரல் அளவு மெல்ல மெல்ல இறங்கியது. மூன்று மாதத்தில் எல்லாம் சரியாகி, ஒரு மத்தியானம் இரண்டு அயிலை சாப்பிட்டார். கடைக்குத் திரும்பிய அன்று ஏணி போட்டுத் தானே ஏறி, அந்தப் பலகையைக் கழற்றினார். இறங்கும்போது கீழே நின்ற ஒருவர், "அமுக்குரம் இருக்கா? பக்கவிளைவு ஒண்ணும் இல்லல்ல?" என்று கேட்டார். முதலாளி ஏணியின் மூன்றாவது படியிலேயே நின்று நெஞ்சில் தட்டிக்கொண்டு சொன்னார்: "ஏன் இல்ல? பக்கவிளைவு இதோ உங்க முன்னாடி ஏணியில நிக்குது, நல்லாப் பாத்துக்கங்க!"

நான்கு கேள்வி, நாற்பது கேள்வி

மதம் மாறியவர்களின் பக்தி எப்படி இருக்கும் என்று இப்போது தினமும் பார்க்கிறேன். என் நான்கு கேள்விகளை முதலாளி நாற்பது ஆக்கிவிட்டார். அச்சடித்து, லாமினேட் செய்து, கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டிருக்கிறார். அமுக்கராவுக்கு என்று நிறுத்திக்கொண்டாலும் பரவாயில்லை. சுக்கு கேட்டால் ஈரல் எப்படி இருக்கிறது, கிராம்பு கேட்டால் தூக்கம் எப்படி வருகிறது. சஜி பட்டை வாங்க வந்து பத்து நிமிஷம் விசாரணையில் மாட்டிக்கொண்டு, பட்டையே வேண்டாம் என்று ஓடிவிட்டான். வியாபாரம் குறைந்திருக்கும் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. "அந்தக் கடையில கேள்வி கேட்டுத்தான் குடுப்பாங்க" என்று ஆலுவாவிலிருந்தெல்லாம் ஆட்கள் மெனக்கெட்டு வருகிறார்கள்.

போன வாரம் மரியம்மா சேட்டத்தி மீன் குழம்புக்கு நல்லமிளகு வாங்க வந்தார். தலை முழுக்க வெள்ளி, கையில் ஊன்றுகோல். முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் கேள்வியிலிருந்து ஆரம்பித்தார். நான் ஜாடை காட்டினேன், இக்கா இருமிப் பார்த்தார், அவர் நிற்கவில்லை. அட்டையின் கடைசி வரி வரை போய், "கர்ப்பமா இருக்கீங்களா?" என்று கேட்டே விட்டார்.  நான் சூரண டின்னுக்குள் தலையை விட்டுக்கொண்டேன். சேட்டத்தி ஊன்றுகோலை மேஜையில் சாய்த்து வைத்து, முந்தானையைச் சரிசெய்து, முகமெல்லாம் மலர்ந்து சொன்னார்: "எனக்கு எழுபத்தாறு வயசு மோனே, இந்தக் கேள்விய ஒருத்தர் கேட்டு எத்தனை காலமாச்சு! இன்னும் கால் கிலோ சேர்த்துப் போடு."

மொத்தத்தில், அமுக்கரா மன அழுத்தத்தைக் குறைக்குமா என்று யாராவது என்னைக் கேட்டால், சாப்பிடுகிறவர்களில் சிலருக்குக் கொஞ்சம் குறைக்கலாம், விற்கிறவளுக்கு ஏழு வருஷமாகக் கூட்டிக்கொண்டேதான் இருக்கிறது என்பதே என் நேர்மையான ஆராய்ச்சி முடிவு.